உங்கள் குளோசர் காலை வாருகிறாரா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஃபேன்டசி பேஸ்பால் (நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களுடைய எண்களை வைத்து மோதும் ஆட்டம்) ஆடுபவர்களில், ஏப்ரல் முடிவதற்குள் ஒரு ரிலீஃப் பிட்சரையாவது (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்) திட்டித் தீர்க்காத ஆளை நான் பார்த்ததில்லை. பேட்டர் பத்து நாள் சொதப்பினால் பொறுத்துக்கொள்கிறோம், ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டர் ஒரு ஆட்டத்தில் அடி வாங்கினால் அடுத்த ஆட்டம் வரை காத்திருக்கிறோம், ஆனால் ஆட்டத்தை முடித்துக் கொடுக்க வரும் குளோசர் ஒரே ஒரு ராத்திரி முன்னிலையைக் கவிழ்த்தால் போதும், கை நேராக ஆளை நீக்கும் டிராப் பொத்தானுக்குப் போய்விடுகிறது. இரண்டு நாள் கழித்து அதே ஆளை வேறொருவர் எடுத்து, அவர் பெயரில் சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்ததற்கான எண்) ஏறுவதைப் பார்த்து வயிறு எரிகிறது.

இதற்குக் காரணம் சேவ் என்ற எண்ணின் தன்மை. ஹோம் ரன் அடிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். சேவ் எடுக்க வேண்டுமென்றால் அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அதுவும் சரியான வித்தியாசத்தில் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் மேனேஜர் இவரைக் கூப்பிட வேண்டும், அப்புறம்தான் இவருடைய திறமைக்கே வேலை. அதனால் கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: ஆளுடைய கையில், அவர் பார்க்கும் வேலையில், அல்லது உங்கள் லீக்கின் கணக்கில். எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் இது கையா, வேலையா, கணக்கா என்று பிரித்துப் பாருங்கள். ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை இன்னொன்றுக்குச் செய்வதால்தான் நல்ல பிட்சர்களை இழக்கிறோம்.

கீழே சொல்வதெல்லாம் பத்து அல்லது பன்னிரண்டு அணிகள் ஆடும், சேவ் புள்ளி தரும் ஒரு பிரிவாக இருக்கும் வழக்கமான லீக்கை மனதில் வைத்து.

## ஒரு வாரமாகச் சேவே வரவில்லை

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. சேவ் விதியை ஒருமுறை சரியாகத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். சிகாகோ விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் வகுத்த இந்தக் கணக்கு 1969 முதல் அதிகாரபூர்வமானது. வெற்றி பெற்ற அணிக்கு ஆட்டத்தை முடித்துக் கொடுத்த பிட்சராக இருக்க வேண்டும், வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கக் கூடாது. அதோடு மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலை இருக்கும்போது வந்து ஒரு முழு இன்னிங்ஸாவது வீசியிருக்க வேண்டும், அல்லது அவர் வரும்போது சமன் செய்யும் ரன்னை எடுக்கக்கூடியவர் பேஸில், பேட்டிங்கில், இல்லையென்றால் அடுத்த பேட்டராகக் காத்திருக்க வேண்டும், அல்லது கடைசி மூன்று இன்னிங்ஸையும் அவரே வீசியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் அணி 9-2 என்று ஜெயித்தாலும் சேவ் இல்லை, 1-6 என்று தோற்றாலும் சேவ் இல்லை. தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயிக்கிற அணியின் குளோசர் அந்த ஐந்திலும் உட்கார்ந்தே இருக்கலாம். மொத்தமாகப் பார்த்தால், அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் நடக்கும் வெற்றிகளில் ஏறக்குறைய பாதிக்குத்தான் சேவ் எழுதப்படுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்த அணியின் கடைசி ஏழு ஆட்டங்களின் ஸ்கோரைத் திறந்து, கடைசியான 9வது இன்னிங்ஸ் தொடங்கும்போது வித்தியாசம் என்ன என்று பாருங்கள். சேவ் வாய்ப்பே வரவில்லை என்றால் யாரையும் தொடாதீர்கள். வாய்ப்பு வந்தும் இவர் வரவில்லை என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

இதில் ஒரு கிளை உண்டு. ஆள் வீசியிருக்கிறார், ஆனால் சேவ் இல்லை. ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது 9வது இன்னிங்ஸில் வந்திருக்கிறார். சொந்த மைதானத்தில் இது முற்றிலும் இயல்பு. 9வது இன்னிங்ஸ் சமநிலையில் தொடங்கிவிட்டால் சொந்த மைதான அணிக்கு அதற்குப் பிறகு சேவ் வாய்ப்பே கிடையாது, ஏனென்றால் அவர்கள் கடைசியில் பேட் செய்கிறார்கள், முன்னிலை பெற்ற நொடியே ஆட்டம் முடிந்துவிடும். அதனால் மேனேஜர் தன் சிறந்த ஆளை அப்போதே இறக்கிவிடுவார். வெளி மைதானத்தில் சமநிலை என்றால் பலர் குளோசரை முன்னிலை கிடைக்கும்வரை பிடித்து வைப்பார்கள். இரண்டும் நம்பிக்கையின் அடையாளம்தான். ஐந்து நாள் ஓய்வுக்குப் பிறகு, கை உறைந்துபோகக் கூடாது என்று ஏழு ரன் முன்னிலையில் இறக்குவதும் அப்படித்தான்.

## சேவ் வாய்ப்பு வந்தது, வேறு ஆள் வந்து முடித்தார்

இங்கேதான் நிதானம் தேவை, வேகமும் தேவை. பாக்ஸ் ஸ்கோரைத் (ஆட்டத்தில் ஒவ்வொருவரும் செய்ததைச் சொல்லும் அட்டவணை) திறந்து வரிசையாகப் பாருங்கள்.

முதலில், நேற்றும் முந்தைய நாளும் இவர் வீசினாரா? மூன்றாவது நாளும் தொடர்ந்து வீச வைப்பதை இன்றைய மேனேஜர்கள் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். முந்தைய நாள் முப்பது பந்து வீசியிருந்தால் ஒரு நாள் ஓய்வு சாதாரணம். அப்படியென்றால் பிரச்சினை இல்லை, நாளை வருவார்.

அடுத்து, இன்றே வீசினாரா, எந்த இன்னிங்ஸில்? எதிரணியின் 2, 3, 4வது பேட்டர்கள் 8வது இன்னிங்ஸில் வரும்போது இவரை இறக்கிவிட்டு, 9வதை இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால் இவர்தான் அந்த புல்பென்னின் (அணியின் ரிலீஃப் பிட்சர்கள் கூட்டம்) சிறந்த ஆள் என்று அர்த்தம். அணிக்கு அது நல்ல முடிவு. நமக்கு நல்லதல்ல, ஏனென்றால் இனி அவ்வப்போது சேவ் ஒழுகிக்கொண்டே இருக்கும். அவரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வருடத்துக்கு 35 சேவ் என்று போட்ட கணக்கை 22, 25 என்று குறைத்துக்கொண்டு இன்னொரு ஆளையும் தேடுங்கள்.

6வது, 7வது இன்னிங்ஸில் வந்தாரா, அல்லது அணி பின்தங்கியிருக்கும்போது வந்தாரா? அப்படியென்றால் வேலை போய்விட்டது. ஆட்டம் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், 9வதை வீசுகிற ஆள் வேவரில் (உங்கள் லீக்கில் யாரிடமும் இல்லாதவர்கள் பட்டியலில்) இருந்தால் அப்போதே எடுங்கள்.

ஓய்வும் இருந்தது, இன்று வரவே இல்லை, காரணமும் தெரியவில்லை. இது காயமாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், குழந்தை பிறந்திருக்கலாம், வேலையே போயிருக்கலாம். ஆட்டத்துக்குப் பிறகு மேனேஜர் பேசுவதைத் தேடிப் படியுங்கள். ‘இவர்தான் எங்கள் குளோசர்’ என்கிற மாதிரி நேராகச் சொன்னால் நம்பலாம், அடுத்த இரண்டு கவிழ்ப்புவரை. ‘சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்வோம்’ என்கிற மாதிரி பேசினால் வேலை போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கொஞ்ச நாள் அழுத்தம் குறைந்த இடத்தில் வீசட்டும்’ என்றால் தற்காலிகமாகப் போயிருக்கிறது, இடம் இருந்தால் இரண்டு வாரம் பெஞ்சில் வைத்துப் பார்க்கலாம்.

இந்த வேலை எவ்வளவு வேகமாகக் கைமாறும் என்பதற்கு நியூயார்க் யாங்கீஸை மட்டும் பார்த்தால் போதும். 2024-ல் கிளே ஹோம்ஸ் 30 சேவ் எடுத்தார், 13 முறை கவிழ்த்தார், செப்டம்பரில் வேலை பறிபோய் லூக் வீவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டுக்கென்று டெவின் வில்லியம்ஸைக் கொண்டுவந்தார்கள். ஏப்ரல் கடைசியில் அவருடைய இ.ஆர்.ஏ (9 இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கும் ரன், குறைவாக இருந்தால் நல்லது) 11.25 ஆனபோது மறுபடி வீவர். ஜூனில் வீவருக்குத் தொடைத் தசையில் காயம், மறுபடி வில்லியம்ஸ். ஜூலை முடிவில் டேவிட் பெட்னாரை வாங்கினார்கள், வேலை அவருக்குப் போனது. ஒரு வருடத்துக்குள் ஒரே அணியில் இத்தனை மாற்றம். ஏப்ரலில் வில்லியம்ஸை வெறுப்பில் வீசியெறிந்தவர்கள் ஜூனில் அவருக்காக மறுபடி ஏலம் கேட்டார்கள். போனது வேலை, கை அல்ல. இவர் மாதிரி ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) எடுக்கிற ஆளுக்கு வேலை திரும்பி வர நிறைய வழி உண்டு.

## ஒரே ராத்திரியில் இ.ஆர்.ஏ கந்தலாகிவிட்டது

இது பெரும்பாலும் கணக்குக் கோளாறு. உங்கள் லீக் எந்த வகை என்பதைப் பொறுத்து இது பெரிய விஷயமாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கலாம்.

வாரா வாரம் ஒருவரோடு மோதும் லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வரை உங்கள் பிட்சர்கள் 40 இன்னிங்ஸில் 14 ரன் கொடுத்திருக்கிறார்கள், இ.ஆர்.ஏ 3.15. குளோசர் வந்து ஒரே ஒரு அவுட் எடுத்து 5 ரன் கொடுத்துவிட்டுப் போகிறார். இப்போது 4.24. அந்த வாரத்தின் இ.ஆர்.ஏ போச்சு, விப்பும் (ஒரு இன்னிங்ஸுக்கு ஹிட்டாலும் வாக்காலும் எத்தனை பேரைப் பேஸுக்கு விட்டார் என்ற எண்) கூடவே போகும்.

அதே சம்பவத்தை சீசன் முழுக்கக் கூட்டும் ரோட்டோ லீக்கில் வைத்துப் பாருங்கள். 1200 இன்னிங்ஸ், 480 ரன், இ.ஆர்.ஏ 3.60. அந்த 5 ரன்னையும் சேர்த்தால் 3.64. அவ்வளவுதான். இதற்காக ஒரு குளோசரைத் தூக்கிப் போடுவது நியாயமே இல்லை.

அதனால் ரோட்டோ ஆடுபவர்கள் இந்த அறிகுறியைத் தாண்டிப் போகலாம். வாராந்தர மோதல் ஆடுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்குப் போட வேண்டும்: சேவ் பிரிவு ஏற்கனவே முடிவாகிவிட்டதா, அதாவது நான்கு முன்னிலையில் இருக்கிறீர்களா அல்லது நான்கு பின்தங்கி இருக்கிறீர்களா? ஆமாம் என்றால், இ.ஆர்.ஏ-விலும் விப்பிலும் மெல்லிய முன்னிலை இருக்கும்போது குளோசரை பெஞ்சில் உட்கார வையுங்கள். குறைந்தபட்ச இன்னிங்ஸ் விதி உங்கள் லீக்கில் இருந்தால் அதைத் தாண்டிவிட்டீர்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஜெயித்த பிரிவுகளையே இழக்க நேரிடும். இ.ஆர்.ஏ, விப் இரண்டிலும் ஏற்கனவே தோற்றுவிட்டீர்கள் என்றால் எல்லா ரிலீஃப் பிட்சரையும் இறக்குங்கள், இழக்க ஒன்றுமில்லை.

## ஒரு நாள் இல்லை, மூன்று வாரமாக அடி வாங்குகிறார்

இப்போதுதான் கையைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் இ.ஆர்.ஏ-வை வைத்து அல்ல. 12 இன்னிங்ஸ் வீசிய ஆளுக்கு ஒரே ஒரு 5 ரன் ராத்திரி மட்டும் இ.ஆர்.ஏ-வில் 3.75 சேர்த்துவிடும், மற்ற எல்லா ராத்திரியும் சுத்தமாக இருந்தாலும். பேஸ்பால் சாவன்ட், ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளங்கள் இரண்டும் இலவசம், அங்கே போய் இவற்றைப் பாருங்கள்.

வேகம்தான் முதல் சாட்சி. சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டு ஃபாஸ்ட்பால் மணிக்கு ஒன்றரை மைல் குறைந்திருந்தால் எனக்குக் கவலை வந்துவிடும், இரண்டு மைல் குறைந்திருந்தால் காயச் செய்திக்காகக் காத்திருக்க மாட்டேன். ஏப்ரல் குளிரில் எல்லோருக்கும் கொஞ்சம் குறையும், அதனால்தான் அதே மாதத்தோடு ஒப்பிடச் சொல்கிறேன். அடுத்து வாக், அதாவது நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ் கொடுப்பது. ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழியுங்கள். 20-க்கு மேல் இருந்தால் அடி வாங்கியது பெரும்பாலும் துரதிர்ஷ்டம், 10-க்குக் கீழே போனால் நிஜமான கோளாறு. மூன்றாவதாக, அடித்த பந்துகள் எப்படிப் போயின? மெதுவாக உருண்டு இடைவெளியில் போன பந்தில் வந்த ஹிட்டும், சுவரில் போய் மோதிய பந்தில் வந்த ஹிட்டும் பாக்ஸ் ஸ்கோரில் ஒன்றுதான். நிஜத்தில் அப்படி இல்லை.

சரி, இவ்வளவு பார்த்தும் ஏமாற்றம் வரும், ஏனென்றால் ரிலீஃப் பிட்சர் ஒரு முழு ஆண்டில் வீசுவதே அறுபது, எழுபது இன்னிங்ஸ்தான். ஒரு நல்ல ஸ்டார்ட்டர் அதை மே முடிவதற்குள் வீசிவிடுவார். ஒரு ஸ்டார்ட்டரை மே மாதத்தோடு நிறுத்தி அந்த வருடமே இவ்வளவுதான் என்று யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை, குளோசருக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் எழுதுகிறோம்.

பிராட் லிட்ஜ் 2008-ல் ஃபிலடெல்ஃபியாவுக்காக 41 வாய்ப்பில் 41 சேவ். அடுத்த ஆண்டு இ.ஆர்.ஏ 7.21, 11 முறை கவிழ்ப்பு. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மோசமான 2009-லும் அவருக்கு 31 சேவ் இருந்தது. கை கெட்டுப்போயிருந்தது, வேலை கெடவில்லை. அப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது உங்கள் பட்டியலைப் பொறுத்தது: சேவில் ஒரு படி ஏறினால் மூன்று அணிகளைத் தாண்டலாம், இ.ஆர்.ஏ-வில் இறங்க இடமே இல்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நேர்மாறாக இருந்தால் பெயருக்கு மதிப்பு இருக்கும்போதே கைமாற்றுங்கள்.

எட்வின் டியாஸ் 2018-ல் சியாட்டிலுக்காக 57 சேவ் எடுத்தார். நியூயார்க் மெட்ஸுக்கு வந்த 2019-ல் இ.ஆர்.ஏ 5.59. முடிந்தது என்று எல்லோரும் கைவிட்டார்கள். 2022-ல் அதே ஆள் 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக்அவுட், இ.ஆர்.ஏ 1.31. பெட்னார் 2023-ல் பிட்ஸ்பர்க்கில் 39 சேவ், 2024-ல் இ.ஆர்.ஏ 5.77, 2025 தொடக்கத்தில் மைனர் லீக்குக்கே அனுப்பப்பட்டார், அதே ஆண்டு ஆகஸ்டில் யாங்கீஸின் 9வது இன்னிங்ஸ் அவருடையது. வேகமும் ஸ்ட்ரைக்அவுட்டும் நிற்கிற ஆளைக் கைவிட எனக்கு மனம் வராது. அவை இரண்டும் போன பிறகு சேவ் எவ்வளவு வந்தாலும் நம்ப மாட்டேன்.

## அணிக்குக் குளோசர் என்று ஒருவரே இல்லை

டாம்பா பே ரேஸ் இதற்குப் பெயர் பெற்றது. 2020-ல், வெறும் 60 ஆட்டங்கள் நடந்த அந்தச் சீசனில், 12 வெவ்வேறு பிட்சர்கள் அவர்களுக்காகச் சேவ் எடுத்தார்கள். இப்படிப்பட்ட புல்பென்னில் ‘அடுத்த சேவ் யாருக்கு’ என்று கணிப்பது நேர விரயம். இரண்டு பேரையும் எடுத்து இரண்டு இடத்தை அடைத்து வைப்பது அதைவிட மோசம். ஸ்ட்ரைக்அவுட் அதிகம் எடுக்கிற ஒருவரை மட்டும் எடுங்கள். சேவ் வராவிட்டாலும் இ.ஆர்.ஏ, விப் இரண்டுக்கும் உதவுவார். பங்கு போடும் இருவரில் ஒருவர் இடது கை என்றால், அவருக்கு 9வது கிடைப்பது எதிரணியின் வரிசையில் இடது கை பேட்டர்கள் வருவதைப் பொறுத்தது, எனவே வலது கை ஆளுக்குத்தான் பொதுவாக அதிக வாய்ப்பு.

## ஜூலை கடைசி வாரத்தில் சேவ் எல்லாம் மாயமாகிவிட்டது

டிரேட் காலக்கெடு, அதாவது அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். வருடத்தில் அதிகக் குளோசர்கள் வேலை இழக்கும் வாரம் இதுதான், அதுவும் நன்றாக வீசிக்கொண்டிருப்பவர்கள்.

2025-ஐப் பாருங்கள். மினசோட்டாவின் யோவான் டுரான் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார், அங்கேயும் 9வது அவருக்கே, வைத்திருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. செயின்ட் லூயிஸின் ரயன் ஹெல்ஸ்லி, 2024-ல் 49 சேவோடு எல்லோரையும் முந்தியவர், மெட்ஸுக்குப் போனார், அங்கே டியாஸ் இருந்ததால் 8வது இன்னிங்ஸ் ஆளானார், வீச்சும் சரிந்தது. ஏ’ஸ் (அத்லெட்டிக்ஸ்) அணியின் மேசன் மில்லர், பேஸ்பாலிலேயே மிக வேகமாக வீசுபவர்களில் ஒருவர், சான் டியாகோவுக்குப் போனார், அங்கே ராபர்ட் சுவாரெஸ் குளோசர், அந்த ஆண்டை 40 சேவோடு முடித்தவர். ஒரே வாரம், ஒரே மாதிரி டிரேட், ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இருவருக்குச் சேவ் போனது. விற்ற அணியின் நிலை இன்னும் மோசம். மினசோட்டா டுரானோடு சேர்த்து கிரிஃபின் ஜாக்ஸ், லூயி வார்லாண்ட் என்று புல்பென்னையே காலி செய்தது, ‘டுரானுக்கு அடுத்த ஆள்’ என்று ஜாக்ஸை முன்கூட்டியே எடுத்து வைத்தவர்களுக்கும் பயனில்லாமல் போனது.

அதனால் ஜூலை 10 வாக்கிலேயே வேலையைத் தொடங்குங்கள். உங்கள் குளோசரின் அணி பிளேஆஃப் பந்தயத்தில் இல்லையா, அவருடைய ஒப்பந்தம் அந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ முடிகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அவரை நீங்கள் முதலில் விற்றுவிடுங்கள், லீக்கில் சேவ் தேவைப்படும் ஒருவர் எப்போதும் இருப்பார். பந்தயத்தில் இருக்கிற அணியின், குளோசர் பதவி உறுதியான ஆளைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் விற்கப்போகிற அணிகளில் 8வது இன்னிங்ஸ் வீசுகிற, இன்னும் பல ஆண்டு ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிற இளம் பிட்சரைத் தேடுங்கள். 2022-ல் ஜோஷ் ஹேடரை மில்வாக்கி சான் டியாகோவுக்கு விற்றபோது குளோசரானது டெவின் வில்லியம்ஸ், அவருக்கு இந்த இரண்டு தகுதியும் இருந்தது.

## ஆள் திடீரென்று காணோம்

காயம் என்றால் காயப் பட்டியல் இடத்தில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டியதுதான், இதில் பெரிய வித்தை இல்லை. டியாஸ் 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் வெற்றியைக் கொண்டாடும்போது முழங்கால் தசைநார் கிழிந்து அந்த ஆண்டு முழுவதையும் இழந்தார். இதை யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. அந்த வாரத்துக்கு முன் டிராஃப்ட் (சீசனுக்கு முன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) முடித்தவர்கள் கொடுத்த விலை போனது போனதுதான். எமானுவேல் கிளாசே 2024-ல் 47 சேவ், இ.ஆர்.ஏ 0.61. 2025 ஜூலை கடைசியில் சூதாட்ட விசாரணை தொடர்பாக விடுப்பில் அனுப்பப்பட்டார், கேட் ஸ்மித் 9வதை எடுத்துக்கொண்டார்.

கற்க வேண்டியது ‘அடுத்த ஆள் யார்’ என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது. உங்கள் இரண்டு குளோசர்களுக்கும் அடுத்து யார் என்பதை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், மாதம் ஒருமுறை திருத்துங்கள். அணி வெளியிலிருந்து ஒரு பழைய பெயரைக் கொண்டுவந்தால் அந்தப் பெயரை மட்டும் நம்பாதீர்கள்: ஃபீலிக்ஸ் பவுடிஸ்டா முழங்கை அறுவை சிகிச்சையால் 2024-ஐ இழந்தபோது பால்டிமோர் கிரெய்க் கிம்ப்ரெலை எடுத்தது, 23 சேவுக்குப் பிறகு அவர் பதவியும் போய், செப்டம்பரில் அணியிலிருந்தே விடுவிக்கப்பட்டார்.

## டிராஃப்ட்டில் விலை கொடுத்தவர் தேறவில்லை, இலவசமாகக் கிடைத்தவர் தேறிவிட்டார்

வருடா வருடம் நடப்பது. 2024-ல் டெக்ஸஸின் கர்பி யேட்ஸ் சீசன் தொடங்கும்போது குளோசரே அல்ல, முடிவில் 33 சேவ், இ.ஆர்.ஏ 1.17. 2025-ல் மேஜர் லீக்கிலேயே அதிகச் சேவ் எடுத்தவர் கன்சாஸ் சிட்டியின் கார்லோஸ் எஸ்டெவெஸ், 42. டிராஃப்ட்டில் அவருக்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை.

இதை வைத்து ‘குளோசரை எடுக்கவே வேண்டாம், வேவரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற முடிவுக்குப் போகிறவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. வேவரில் கிடைக்கும் ஒரு யேட்ஸுக்குப் பின்னால் மூன்று வாரத்தில் உதிர்ந்த ஐந்து பேர் இருக்கிறார்கள், அவர்களையும் நீங்கள்தான் எடுத்து, ஓடவிட்டு, இ.ஆர்.ஏ-வைக் கெடுத்துக்கொண்டிருப்பீர்கள். என் வழி: வேகமும் ஸ்ட்ரைக்அவுட்டும் உள்ள, பதவி உறுதியான ஒருவரை நடுச் சுற்றுகளில் எடுங்கள், இரண்டாமவரைப் பின்னால் மலிவாக எடுங்கள், மூன்றாவது இடத்தை வேவருக்கென்றே காலியாக வையுங்கள்.

## வேவரில் எப்போதும் எனக்கு முன்னால் யாரோ எடுத்துவிடுகிறார்கள்

முந்தி வருபவருக்கே ஆள் என்ற லீக்கில் நியூயார்க் நேரப்படி ராத்திரி பத்து மணிதான் முக்கியம், கிழக்குக் கடற்கரை ஆட்டங்கள் முடியும் நேரம். சென்னையிலிருந்து ஆடுபவர்களுக்கு இது காலை ஏழரை, உண்மையில் வசதியான நேரம். அமெரிக்காவில் இருக்கிற பலர் தூங்கப் போகும்போது நீங்கள் காப்பியோடு பாக்ஸ் ஸ்கோர் பார்க்கலாம். வாரம் ஒருமுறை ஏல முறையில் எடுக்கும் லீக் என்றால் வேகத்தால் பயனில்லை. அங்கே ஞாயிறு ராத்திரி எல்லோரும் ஒரே ஆளுக்காகப் பணத்தைக் கொட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே, இப்போதைய குளோசரின் வேகம் குறைகிற அணியில் 8வது வீசுகிற ஆளை ஒரு டாலருக்கு எடுத்து வையுங்கள்.

## 8வது வீசுகிற நல்ல ஆளுக்கு மதிப்பே இல்லை

அப்படியென்றால் விதியை மாற்றுங்கள். 1980-ல் எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும், ரோட்டோ என்ற பெயருக்கு மூலமான ரோட்டிசரி லீக்கைத் தொடங்கியபோது எட்டுப் பிரிவுகளில் சேவையும் வைத்தார்கள், அன்றைய புல்பென்னுக்கு அது பொருந்தியது. இன்று சேவோடு ஹோல்டையும் கூட்டி ஒரே பிரிவாக வைப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். சேவ் சூழ்நிலையில் வந்து, ஒரு அவுட்டாவது எடுத்து, முன்னிலையைக் காப்பாற்றி, ஆட்டத்தை முடிக்காமல் இன்னொருவரிடம் கொடுத்தால் ஹோல்டு. மேனேஜர் ஒருவரை 9வதிலிருந்து 8வதுக்கு மாற்றினாலும் உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை விழாது. மார்ச்சில், டிராஃப்ட்டுக்கு முன், வாக்கெடுப்பு வையுங்கள். சீசன் நடுவில் கேட்டால் சண்டைதான்.

விதியை மாற்ற ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு சின்ன வழி: ரிலீஃப் இடத்தில் வைக்கத் தகுதியுள்ள ஸ்டார்ட்டர். கிளே ஹோம்ஸ் மெட்ஸில் 2025-ல் ஸ்டார்ட்டராக மாறியபோது, முந்தைய ஆண்டின் வேலையால் ரிலீஃப் தகுதி இருந்தது. அந்த இடத்தில் ஒரு ஸ்டார்ட்டரின் இன்னிங்ஸ் கிடைத்தது.

## செப்டம்பரில், உங்கள் லீக்கின் பிளேஆஃப் வாரத்தில், குளோசருக்கு ஓய்வு

செப்டம்பர் 1 முதல் அணிகளில் 28 பேர் இருக்கலாம், கூடுதல் கைகள் கிடைக்கும். தன் டிவிஷனை ஏற்கனவே வென்றுவிட்ட அணி குளோசரை அக்டோபர் பிளேஆஃபுக்காகச் சேமிக்கும், வாய்ப்பே இல்லாத அணி இளம் ஆட்களைச் சோதிக்கும். பிளேஆஃபின் கடைசி இடத்துக்காக இழுபறியில் இருக்கும் அணியின் குளோசர்தான் உங்களுக்கு வேண்டியவர், அவர் பெயர் சிறியதாக இருந்தாலும். ஆகஸ்ட் கடைசியில் புள்ளிப் பட்டியலைத் திறந்து இரண்டு மூன்று ஆட்ட வித்தியாசத்தில் இருக்கும் அணிகளைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் இறுதி வாரத்தில் அவர்களுக்கு ஆறு ஆட்டமா ஏழு ஆட்டமா என்று அட்டவணையில் பாருங்கள், ஏழு உள்ளவரை முதலில் எடுங்கள்.